தோளில் இருந்த விரல்கள்

ரசமட்டத்துக்குக் கிரேன் கொடுக்க வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூறு. வாங்கியது பதினாலாயிரம். கையில் ஏதாவது மிஞ்சிய வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கழித்தது போக நின்றது இது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ‘எப்போ தருவே’ என்ற கேள்வியும் அதுவரை கிடையாது.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். கட்டட வேலைக்கு வந்துவிட்டால் சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு வீட்டிலேயே தங்கிவிடும். சிமெண்ட் மூட்டையை மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏற்றுகிறவன் கிரேன் ஆனான். அவனோடு ஜோடி சேர்ந்து டைல்ஸ் போடுகிறவர், ஒரு கல் நூலளவு தூக்கியிருந்தாலும் மேலே ரசமட்டத்தை வைத்து, உள்ளே குமிழி நகர்வதைக் காட்டி, ‘பிடுங்கு’ என்று சொல்கிறவர். டீக்கடை பெஞ்சு ஆடினால்கூட எழுந்து அதன் காலைக் குனிந்து பார்ப்பார். கருவியின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. முஸ்லிம் என்பதால் நேரில் எல்லோரும் ‘பாய்’ என்பார்கள். ரசமட்டம் என்பது முதுகுக்குப் பின்னால்.

டைல்ஸ் வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. தரையில் நூல் கட்ட வேண்டும். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை இவன் பிடிப்பான். நூல் தொய்ந்தால் தரை முழுக்கக் கோணல். எதிர் முனையில் இருப்பவன் எவ்வளவு இழுக்கிறான் என்பது விரலிலேயே தெரிய வேண்டும், வாயைத் திறந்து சொல்லக் கூடாது. இந்த ஜோடிக்கு அது தெரியும்.

அந்தப் பதினாலாயிரத்தில் கிரேன் வாங்கியது ஒரு போன். தனக்கு இல்லை, மச்சினனுக்கு. மனைவியின் தம்பி, படித்தவன், எழுதிப்போட்ட வேலைக்கெல்லாம் பதிலே வராமல் அக்கா வீட்டு முன்னறையில் படுத்த பாயைச் சுருட்டாமல் கிடந்தவன். நல்ல போன் ஒன்று இருந்தால் வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேரலாம் என்றான். மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கியதாகக் கிரேன் வீட்டில் சொல்லிவைத்தான். ஜோடிக்காரனிடம் கைநீட்டினேன் என்றால் மனைவியின் முகம் சுருங்கும், அதனால்தான்.

மச்சினன் கொஞ்ச நாள் ஓடினான். பிறகு வண்டி கெட்டது, பிறகு முழங்கால் வலித்தது, பிறகு போன் மட்டும் கையில் நின்றது. அந்தப் போனில் அவன் படம் செய்ய ஆரம்பித்தான்.

நாடு இந்துக்களுக்கு மட்டுமே என்று சொல்கிற ஒரு குழுவில் யாரோ அவனைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். காசு கிடையாது. ஆனால் ஒரு படம் போட்டால் போதும், முகம் தெரியாத ஆட்கள் ‘சிங்கமே’, ‘தலைவா’ என்று கை கூப்பினார்கள். வேலை கேட்டு எழுதியபோது ஒரு வரி பதில் போடாத உலகம், சாமி படத்துக்கு விழுந்து விழுந்து பதில் போட்டது. சாமிகளும் சாதாரணமாக இல்லை. கோயிலில் சிரித்துக்கொண்டு நிற்கிற சாமிக்கெல்லாம் அவன் புருவத்தை நெரித்து, மார்பை அகலமாக்கி, பின்னால் தீயும் புயலும் காவிக்கொடியும் வைத்தான். ஒரு மூலையில் அந்த இலவச ஆப்பின் முத்திரை மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“என் தம்பி கை வெச்சா சாமி எழுந்து நிக்குது பாருங்க,” என்றாள் மனைவி.

“எழுந்து நிக்குது சரி. உன் தம்பி எப்போ எழுந்து நிப்பான்?” என்றான் கிரேன். ஆனாலும் அவனுக்கும் படங்கள் பிடித்திருந்தன. ஒன்றைத் தன் போனிலும் வைத்திருந்தான்.

ஒரு விடுமுறை நாளில் மச்சினன் கூப்பிட்டான். “மாமா, இங்க வாங்களேன். இந்தச் சாமியோட தோளைப் பாருங்க. யாரோடதுன்னு தெரியுதா?”

வில்லோடு நிற்கிற சாமி. தலை எங்கிருந்தோ எடுத்தது. கழுத்துக்குக் கீழே பார்த்ததும் கிரேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது முழங்கைக்கு மேலே இரும்புக் கம்பி கீறிய தழும்பு. அது அவன் கை.

“உங்க தோள்தான் மாமா. ஜிம்முக்குப் போறவன் தோள் எல்லாம் காத்தடிச்ச மாதிரி இருக்கு. உங்களுதுதான் அசல்.”

கிரேன் போனைக் கையில் வாங்கிப் பார்த்தான். அந்தத் தோளை இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் பார்த்ததெல்லாம் மேலே எதையாவது ஏற்றுவதற்காகத்தான். ராத்திரியானால் அதில் மனைவி தைலம் தேய்ப்பாள், அவ்வளவுதான். அது ஒரு சாமிக்குப் பொருந்தும் என்று யார் கண்டது? “எனக்கு அனுப்புடா,” என்றான். வந்த கையோடு, வேலை செய்கிற கட்டடத்து ஆட்கள் எல்லாம் இருக்கிற குரூப்புக்குத் தள்ளிவிட்டான். மச்சினன் போனிலும் சரி, தன்னுடைய விரிசல் விட்ட சின்னத் திரையிலும் சரி, அவன் பார்த்தது தோளை மட்டும். கீழே இருந்த கூட்டத்தையும் பார்க்கவில்லை, எழுத்தையும் படிக்கவில்லை.

எழுத்து அவனுக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் வந்தது. டைல்ஸ் பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் ஒரு குளியலறை முழுக்க வேறு நிறக் கல்லை ஒட்டி, கூலியில் பிடித்தம் ஆன பிறகு ரோஷத்தில் கற்றுக்கொண்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஆனால் படத்தைப் பார்க்க எழுத்து எதற்கு என்ற பழைய பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கட்டடத்துக்குள் நுழையும்போதே வயரிங் வேலை செய்கிற எலக்ட்ரீசியன் ஏணி மேலிருந்து கும்பிட்டான். “வாங்க சாமி! சிமெண்ட் மூட்டை உங்க அருளுக்குக் காத்துக்கிட்டு இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். கிரேனும் சிரித்தான். ரசமட்டம் மட்டும் வாளியில் ஊறிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். “நூலைப் பிடி,” என்றார். வழக்கமாக அப்படிச் சொல்லமாட்டார். வாய் விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

காலை முழுக்க வேறு பேச்சே இல்லை. கல், கலவை, சுத்தியல் தட்டும் சத்தம். கிரேன் ஒரு நகைச்சுவை சொல்லிப் பார்த்தான்; அது கலவைக்குள் விழுந்து காய்ந்துபோனது. சாப்பாட்டு நேரம் வந்தது. ரசமட்டம் கை கால் கழுவிக்கொண்டு, தொழுகைக்காக உள்ளறைக்குள் போனார். எலக்ட்ரீசியன் கிரேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சிரிப்பு இல்லை.

“அண்ணே, தெரிஞ்சுதான் அனுப்பினியா?”

“எதை?”

“சரியாப் போச்சு. இந்தா, பெரிசா பாரு.” அவன் போனுக்கு அகலத் திரை. விரலால் இழுத்துப் படத்தைப் பெரிதாக்கினான்.

சாமியின் காலடியில் ஒரு கூட்டம். முன்னால் நிற்கிறவனுக்குத் தாடி, தொப்பி, கண்ணில் ரத்தச் சிவப்பு, கையில் ஓங்கிய வாள். பிடிக்கு மேலே, வாள் தொடங்குகிற இடம் மட்டும் தடித்துக் கறுப்பாக இருந்தது. அது வாளில் சேர்ந்தது இல்லை. ரப்பர் சுத்தியலின் தலை. தினமும் பக்கத்தில் தட்டுகிற சுத்தியல். அந்த முகமும் தினமும் பக்கத்தில் இருக்கிற முகம்தான்.

கிரேனுக்குப் புகைப்படம் ஞாபகம் வந்தது. பெரிய கூடம் ஒன்றைப் போட்டு முடித்த அன்று, சாப்பாடு கொண்டுவந்த மச்சினன் தன் போனில் எடுத்தது. ரசமட்டம் வலது கையில் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, இடது கையை இவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பக்கத்துத் தோளில் போட்டிருந்தார். மச்சினன் அதை இரண்டாக வெட்டியிருக்கிறான். ஒருவனைச் சாமியாக்கி மேலே வைத்து, மற்றவரை அரக்கனாக்கிக் கீழே வைத்திருக்கிறான்.

“மேலயும் பாரு,” என்றான் எலக்ட்ரீசியன்.

சாமியின் தோளில், தோள்வளைக்குப் பக்கத்தில், நான்கு விரல்கள் இருந்தன. வெட்டும்போது விட்டுப்போனவை. அதில் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. கட்டர் மெஷின் எடுத்துக்கொண்ட நுனி. ரத்தத்தைத் தன் லுங்கித் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது கிரேன்தான்.

படத்தின் கீழே ஒரு வரி இருந்தது. கிரேன் உதடு அசையப் படித்தான். எங்கள்... மண்ணைத்... தொட நினைத்தால்... கை இருக்காது.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தான்.

சாயங்காலம் ரசமட்டம் கருவிகளைக் கழுவித் துடைத்துச் சாக்கில் கட்டினார். கிரேன் பக்கத்தில் போய் நின்றான். “பாய்...”

“மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து நான் அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போறேன். வேற ஆள் போடுவாரு உனக்கு.”

“நான் பாக்கல பாய். சத்தியமா கீழே பாக்கல.”

“அதான் கிரேனு. பாக்கல.” அவர் சாக்கின் வாயை இறுக்கினார். “நேத்து என் பொண்ணு வந்து காட்டினா. ‘அத்தா, இது நீங்களா?’ன்னு கேக்கிறா. நான் என்ன சொல்றது? சுத்தியல் என்னுது, வாள் என்னுது இல்லைன்னா?”

கிரேன் சாக்கைத் தூக்கக் குனிந்தான்; அவரே அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நம்ம கணக்கு ஒண்ணு இருக்கு. அதை முடிச்சு விட்டுரு,” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். முதல் தடவையாகக் கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மச்சினன் வழக்கமான இடத்தில் சுவரில் சாய்ந்திருந்தான். திரையின் வெளிச்சம் முகத்தில் இருந்தது.

“மாமா! உங்க தோள் நாலாயிரம் பேருக்கு மேல போயிருச்சு!”

“கீழே இருக்கிறது யாருடா?”

“எங்கே?”

“வாளோட.”

மச்சினன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “அது... சும்மா ஒரு ஆள் மாமா. கண்ணு நிறமெல்லாம் மாத்திட்டேனே. அடையாளம் தெரியாது.”

“அவரு பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“நான் அவரை நினைச்சுப் போடல மாமா. எதிராளிக்கு ஒரு மூஞ்சி வேணும். என் போன்ல தாடி வெச்ச ஆள் அவர் ஒருத்தர்தான் இருந்தாரு.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கிரேன் சுவரோரம் உட்கார்ந்தான். கோபப்பட்டுத்தான் வந்தான், அடிக்கக்கூடக் கை எழுந்திருக்கும். இந்தப் பதிலைக் கேட்டதும் கை கனத்துப்போய்விட்டது. ஊரையே பயமுறுத்தப் படம் போடுகிறவனுக்குத் தெரிந்த முஸ்லிம் மொத்தம் ஒருவர். அவரும் இந்த வீட்டுக்கு ஒரு தடவை வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வாசல்படி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்.

மாமா உட்கார்ந்துவிட்டதை மச்சினன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். “விரல் விட்டுப்போனது தப்புதான் மாமா. நானும் அப்புறம்தான் பார்த்தேன். அசிங்கமா இருக்கு. அதை அழிச்சிட்டு மறுபடி போட்டுரட்டா?”

“டேய்,” என்றான் கிரேன் மெதுவாக. “அந்தப் படத்திலே நிஜமா இருக்கிறது அந்த விரல் மட்டும்தாண்டா. அதை அழிக்கிறேங்கிறே.”

“ஏங்க, தெரியாம பண்ணிட்டான்,” என்று மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். “சின்னப்பையன்...”

“இருபத்தாறு வயசு. விடு, நானும் பெரிய மனுஷன்தான், பாக்காமத்தான் அனுப்பினேன். இதைக் கேளு. அந்தப் போனை வாங்கின காசு மேஸ்திரி கொடுத்தது இல்ல.”

“பின்னே?”

“பாய் கொடுத்தது.”

மச்சினன் கையிலிருந்த போனைப் பார்த்தான். அது வழக்கம்போலச் சிணுங்கியது. இன்னொரு முகம் தெரியாத ஆள் அவனை ‘சிங்கமே’ என்று கூப்பிட்டிருப்பான். அவன் அதைத் திறக்கவில்லை.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்கு நேரே கையை நீட்டினாள். “கொடு.”

“அக்கா, இதிலே என் குரூப்பெல்லாம்...”

“கொடுடா. அவரு காசுல அவரையே அரக்கனாக்கியிருக்கே. எனக்குச் சோறு போடவே கூசுது.”

அவன் கொடுத்தான். “அந்தப் பழைய போட்டோவை முதல்ல என் போனுக்கு அனுப்பச் சொல்லு,” என்றான் கிரேன். மனைவி போனை ஒரு நிமிஷம் திருப்பிக் கொடுத்தாள், அவன் அனுப்பினான்.

பிறகு கிரேன் தன் விரிசல் போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். தடித்த விரல், ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. “நான் அடிச்சுத் தரேன் மாமா,” என்றான் மச்சினன். “வேண்டாம்,” என்றான் கிரேன். சமையல் முடிந்து, சோறு ஆறி, மனைவி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுதி முடித்தான். புகைப்படத்தைக் குரூப்பில் போட்டு, அதன் கீழே அதையும் போட்டான்.

‘நேற்று நான் அனுப்பிய படம் பொய். சாமிக்கு வைத்த தோள் என்னோடது. தோளில் இருக்கும் விரல் பாயோடது. கீழே வாளோடு இருப்பதும் பாய். அவர் கையில் இருந்தது டைல்ஸ் தட்டும் சுத்தியல். வெட்டி ஒட்டியது என் வீட்டுப் பையன். படிக்காமல் அனுப்பியது நான். தப்பு.’

பிறகு எலக்ட்ரீசியன் ஒரு கட்டைவிரலைத் தூக்கினான். பெயிண்டர் ஒருவன், ‘வேலைக் குரூப்பில் அரசியல் வேண்டாம்’ என்று எழுதினான். நேற்று சாமி படம் வந்தபோது பூப் போட்டவன் அவன்தான். இன்னொருவன் குரூப்பை விட்டே வெளியேறினான். ரசமட்டம் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம் மட்டும் தெரிந்தது. பதில் இல்லை.

போன் விற்கிற கடைக்காரன் பாதி விலைதான் கொடுத்தான். மீதிக்கு மனைவி தான் சேர்த்துவைத்திருந்ததை உதறினாள்; அதற்கும் மேல் குறைந்ததற்கு, இந்தத் தடவை உண்மையாகவே மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கினான். மச்சினன் வெறுங்கையோடு இருந்தான். உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் தானாக மேலும் கீழும் ஆடும். அந்தக் குழுவிலிருந்து யாராவது தேடி வருவார்கள் என்று ஒரு வாரம் வாசலைப் பார்த்தான். நாலாயிரம் பேரில் ஒருவன் வரவில்லை. எலக்ட்ரீசியன் சொன்னான், அதே வில்லோடு வேறு யாரோ செய்த வேறு சாமி இப்போது சுற்றுகிறதாம்.

ஒருநாள் சாப்பிடும்போது மச்சினன் கேட்டான். “மாமா, அவரு... பாய்... அந்த வாசல்படியைப் பத்திச் சொன்னாரே. எந்தப் பக்கம் இறங்கியிருக்குன்னு சொன்னாரு?”

“போய் உக்காந்து பாரு. தெரியும்,” என்றான் கிரேன்.

முழுத் தொகையும் கைக்கு வந்த அன்று வேலை முடிந்ததும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனான். கீழ்த்தளத்தில் ரசமட்டம் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாதித் தரை போட்டிருந்தது. ஓரத்துக் கல் இரண்டைப் பிடுங்கி வைத்திருந்தார். புதிய ஜோடிக்காரனின் கைவேலையாக இருக்கும்.

கிரேன் பணத்தை நீட்டினான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்பெல்லாம் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொள்கிறவர், இன்று எண்ணினார். ஒவ்வொரு நோட்டையும் எண்ணினார். கிரேனுக்கு அந்த ஓசை பல்லில் மணல் கடிபட்டது போல இருந்தது.

“பதினோராயிரத்து நானூறு,” என்றார். “தீந்துது.”

“நான் எழுதினதைப் பாத்தீங்களா பாய்?”

“பாத்தேன். என் பொண்ணுதான் சத்தமா படிச்சா. ‘ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல அத்தா’ன்னா.” சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, உதட்டோடு போய்விட்டது. “நீ எழுதினது நம்ம குரூப்போட நின்னுருச்சு கிரேனு. படம் நிக்கலையே. பஸ்ல ஏறி உக்காந்தா, எதிர்ல இருக்கிறவன் என் மூஞ்சியையே பாக்கிற மாதிரி இருக்கு. அவன் ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். ஆனா எனக்கு அப்படி இருக்கு. அதை நீயும் எடுக்க முடியாது, உன் மச்சினனாலயும் எடுக்க முடியாது.”

“தெரியும்.”

“உன்மேல கோவம் போயிருச்சுன்னு நினைக்காதே.”

“நினைக்கல.”

அவர் பணத்தை உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். ரசமட்டத்தை எடுத்துத் தரைமேல் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடியது. நாக்கைச் சொடுக்கினார். கிரேன் போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

“அதான் தீந்துதுன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?”

“ஒண்ணுமில்ல. இத்தனை நாளா கொடுக்கணுமேன்னே வந்து நின்னாச்சு. கொடுக்க வேண்டியது இல்லாம ஒரு தடவை நிக்கலாம்னு.”

ரசமட்டம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே புதிய ஜோடிக்காரன் டீக்கடைப் பக்கம் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. சுவரோரம் நூல் தொய்ந்து கிடந்தது, ஒரு முனை ஆணியில், மறு முனை தரையில்.

“நிக்கிறவன் தரையை மிதிச்சுக்கிட்டு நிக்காதே. கலவை காயல.” தொய்ந்து கிடந்த நூலைக் கண்ணால் காட்டி, “அந்த முனையை எடு. அவன் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும்தான்,” என்றார்.

கிரேன் குனிந்து எடுத்தான். ஆணியில் இருந்த முனையை அவர் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார், நுனி இல்லாத விரலால் அழுத்திப் பிடித்தார். இவன் இழுத்தான்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் அவர், நூலைப் பார்த்துக்கொண்டே.